உலகளந்த கோல்

சாயரட்சை மணி ஒலிக்க இன்னும் சற்று நேரம் இருக்கிறது. கோபுர வாசலில், பூக்கூடையின் முன் ஒரு மூதாட்டி நிற்கிறார். பூக்காரப் பெண் மல்லிகைச் சரத்தின் நுனியை விரல்களில் பற்றி, முழங்கை வரை இழுத்து, ‘ஒண்ணு’ என்று எண்ணத் தொடங்குகிறாள்.

“உன் கைக்கு அளந்தால் எனக்கு நஷ்டம் அம்மா. இப்படிக் கொடு, என் கையால் அளந்துகொள்கிறேன்” என்கிறார் மூதாட்டி.

“உங்க கை நீளம் பாட்டி, எனக்குக் கட்டுப்படியாகாது” என்று சிரிக்கிறாள் அவள்.

எந்த ஊர்க் கோயில் வாசலிலும் அன்றாடம் கேட்கக்கூடிய பேச்சுத்தான் இது. ஆயினும் இந்தச் சிரிப்புக்குள் மிகப் பழைய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. முழம் என்றால் யார் கை முழம்? பூவில் இக்கேள்வி விளையாட்டாக முடிந்துவிடும். நிலத்தில் எழுந்தால் ஒரு குடும்பத்தின் சோறே அதில் அடங்கியிருக்கும். அக்கேள்விக்கு முன்னோர் கண்ட விடை, அம்மூதாட்டி பூவோடு உள்ளே சென்று வலம் வரும் பிராகாரத்தில், கல்லில் வெட்டிய ஒரு கோடாக இருக்கக்கூடும். பல நூறு ஆண்டுகளாகப் பக்தர்கள் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கையே முதற்கோல்

மனிதன் முதன்முதலில் கொண்ட அளவுகோல் அவன் உடலே. விரல், சாண், முழம், அடி ஆகிய எல்லாம் உறுப்புகளின் பெயர்களையோ, உறுப்புகளால் அளந்த நீளங்களையோ குறிப்பவை. பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். மனிதனின் உயரத்தையே ‘எண்சாண் உடம்பு’ என்று சொல்லும் வழக்கு இன்றும் இருக்கிறது. மறந்துவிட்டு வர முடியாத கருவி, விலை கொடுத்து வாங்க வேண்டாத கருவி என்பன கையின் பெருமைகள். ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பது அதன் குறை.

இக்குறையை நீக்கச் சிற்ப நூலோர் தானியத்தின் துணையை நாடினார்கள். கண்ணுக்குப் புலப்படாத பரமாணுவில் தொடங்கி, தேரோடும்போது எழும் தூசி, மயிர் நுனி, ஈர், பேன், யவம் என எட்டு எட்டாகப் பெருக்கிக்கொண்டே வந்தார்கள். எட்டு யவம், அதாவது வாற்கோதுமை மணி எட்டின் அகலம், ஓர் அங்குலம் ஆயிற்று. இருபத்து நான்கு அங்குலம் ஒரு முழம். மயமதம் என்னும் சிற்ப நூல் இம்முழத்திலும் வகை பிரிக்கிறது. 24 அங்குலம் கொண்டது கிஷ்கு. 25 கொண்டது பிராஜாபத்யம். 26 கொண்டது தனுர்முஷ்டி. 27 கொண்டது தனுர்க்கிரகம். வாகனமும் கட்டிலும் செய்ய ஒரு முழம், விமானம் எழுப்ப ஒரு முழம், வீடு கட்ட ஒரு முழம், ஊர் அமைக்க ஒரு முழம் என்று அவற்றுக்குரிய பணிகளும் வகுக்கப்பட்டன.

கோயில் கட்டும் பணியில் ஸ்தபதிக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டவர் சூத்ரக்ராஹி. நூல் பிடித்து அளவு காண்பவர் என்பது அச்சொல்லின் பொருள். ஸ்தபதியின் மகனோ மாணாக்கரோ அப்பொறுப்பை ஏற்றார். உளி பிடிப்பவருக்கும் முன்னதாக அளவு பிடிப்பவரை வைத்ததிலிருந்தே, அளவுக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

திருமேனி வடிக்கும்போது அளவு இன்னும் நுட்பமாகிறது. சுவாமிமலையில் பஞ்சலோகத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் இன்றும் தென்னை ஓலையின் நறுக்கு ஒன்றை அளவுகோலாகக் கொள்வதுண்டு. அமையவிருக்கும் மூர்த்தியின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பாகங்களாகப் பிரிப்பார்கள். உத்தம தசதாலம் என்னும் முறையில் திருமேனியின் உயரம் 124 பாகம். அப்பாகம் ஒன்றே அந்த மூர்த்திக்கு அங்குலம். அதற்குத் தேகலப்த அங்குலம் என்று பெயர். முகமும் மார்பும் திருவடியும் அந்த அங்குலத்தைக் கொண்டே அமையும். இறைவன் திருமேனியை அளக்க மனிதனின் விரல் பயன்படுவதில்லை. அத்திருமேனியே தனக்குரிய அளவைத் தருகிறது.

மூன்றடியும் ஒரு கோலும்

அளத்தல் என்றதும் பக்தர் உள்ளத்தில் எழுவது வாமன அவதாரம். மூன்றடி மண் கேட்டு வந்த குறளுருவன், மாவலி தாரை வார்த்த நீர் கையில் விழுந்ததும் ஓங்கி வளர்ந்து, ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்தான். காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாள் சந்நிதியில் அக்கோலத்தை இன்றும் சேவிக்கலாம். ஓங்கிய திருமேனி, தூக்கிய திருவடி, ஒரு கரத்தில் இரண்டு விரல், மறு கரத்தில் ஒரு விரல். அளந்தவை இரண்டு, அளக்க வேண்டியது ஒன்று என்று விரல்களாலேயே கணக்குக் காட்டுகிறான் எம்பெருமான்.

அந்தத் திருநாமத்தைத்தான் சோழ நாட்டார் நிலம் அளக்கும் கோலுக்குச் சூட்டினார்கள். பதினாறு சாண் நீளம் கொண்ட கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர். முதலாம் ராஜராஜன் ஆட்சியில், 1001-ஆம் ஆண்டை ஒட்டிச் சோழ நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. அப்பணியை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்னும் பட்டம் வழங்கிற்று. முதலாம் குலோத்துங்கன் 1086-ஆம் ஆண்டில் மீண்டும் அளப்பித்தான். அரசனின் அடியை அளவாகக் கொண்ட ‘ஸ்ரீபாதக் கோல்’ அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மாளிகைக் கோல், சுந்தரபாண்டியன் கோல், குடிதாங்கிக் கோல் என வேறு கோல்களின் பெயர்களும் கல்வெட்டுகளில் உண்டு. இவற்றுள் குடிதாங்கிக் கோல் என்னும் பெயர் எண்ணி எண்ணி மகிழத்தக்கது. நிலத்தை அளக்கும் கோல் குடிகளைத் தாங்க வேண்டும் என்பது அப்பெயருக்குள் இருக்கும் ஆசை.

ஒரு சாண் குறைந்தால்

கோல் எப்படிக் குடிகளைத் தாங்கும், எப்படி வருத்தும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

கோல் ஒன்றின் நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. பதினாறு சாண் கோலால் அளந்தால் ஒரு குழிக்கு 256 சதுரச் சாண் வரும். அக்கோலைச் சூழ்ச்சியாலோ கவனக்குறைவாலோ ஒரு சாண் குறைத்துப் பதினைந்து சாணாக்கிவிட்டால், ஒரு குழிக்கு 225 சதுரச் சாண்தான் வரும். நிலம் அங்கேயே இருக்கிறது, வரப்பும் நகரவில்லை. ஆனால் நூறு குழி நிலம் ஓலையில் கிட்டத்தட்ட 114 குழியாக ஏறிவிடும். இல்லாத பதினான்கு குழிக்கும் உழவன் இறை செலுத்த வேண்டும். ஒரு வேலி வைத்திருப்பவனுக்கு இரண்டே முக்கால் மா நிலம் ஏட்டில் மட்டும் முளைக்கும். அதில் ஒரு நெல்மணியும் விளையாது. ஆனாலும் வரி ஆண்டுதோறும் விளையும்.

கோல் நீண்டுவிட்டாலோ, இழப்பு கோயிலுக்கும் அரசுக்கும். திருவிளக்குக்கும் திருவமுதுக்கும் விட்ட நிலம் ஏட்டில் குறைந்துபோகும். ஆகவே கோல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மரத்தால் செய்த கோலோ வெயிலில் காயும், மழையில் ஊறும், முனை தேயும். புதிய கோல் செய்வோர் எதைப் பார்த்து அளவு எடுப்பது? அரசு அதிகாரி கையில் இருக்கும் கோல் சரியானதுதானா என்று ஓர் ஏழை உழவன் எங்கே போய்ச் சரிபார்ப்பது?

சுவரில் ஒரு கோடு

கோயிலில் சரிபார்க்கலாம் என்பதே விடை. தமிழகத்துப் பழைய கோயில்கள் பலவற்றில், அதிட்டானத்திலோ சுவரிலோ, அளவுகோலின் நீளம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் சிறு குறுக்குக் கோடோ கூட்டற்குறியோ இருக்கும். இன்ன கோல் என்று அருகே எழுத்துப் பொறித்திருப்பதும் உண்டு. எழுத்தின்றிக் கோடு மட்டும் நிற்பதும் உண்டு. மரக்கோலை அதன்மேல் வைத்துப் பார்த்தால் கூடுதலா குறைவா என்பது நொடியில் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதிகாரியின் தயவும் வேண்டியதில்லை.

கோயிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஊர்ச்சபை பல இடங்களில் கூடியது அங்கேதான். நிலக்கொடை எழுதப்பட்டதும் அச்சுவரில்தான். கல் தேய்வதில்லை, காய்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இறைவன் திருமுன் வெட்டிய கோட்டை மாற்றிவிட எவரும் எளிதில் துணியமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

அக்காலத்துக் கணக்கர்களின் நுட்பத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் சான்று. அங்கே நிலக்கணக்கு வேலியில் தொடங்கி, மா, காணி, முந்திரி என்று இறங்குகிறது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. முந்திரியிலும் முந்நூற்றிருபதில் ஒன்று கீழ்முந்திரி. இவ்வாறு கீழே கீழே சென்று, ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதில் இப்பங்கு ஓர் எள்ளின் பரப்பைவிடச் சிறியது. இத்தனை சிறிய இடத்தைக் கோலால் அளந்திருக்க முடியாது. கழித்தும் வகுத்தும் எஞ்சியதை, ‘போகட்டும்’ என்று விட்டுவிடாமல் எழுதிவைத்த மனசாட்சி அது.

ஆடவல்லான் பெயரால்

ராஜராஜீச்சரம் என்னும் அப்பெரிய கோயிலில் அளவுகளுக்கு இறைவன் திருநாமமே வழங்கியது. பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான்; அம்பலத்தில் ஆடும் நடராஜப் பெருமானின் திருநாமம் அது. மணியும் முத்தும் பதித்த அணிகலன்களை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அது ராஜகேசரி என்னும் மரக்காலுக்குச் சமமானது என்று கல்வெட்டு குறிக்கிறது. திருமேனிகளின் உயரத்தைக் கோயிலுக்குரிய முழத்தால் அளந்து, முழம், விரல், தோரை என நெல்மணி அளவு வரை எழுதிவைத்தார்கள்.

அரசனும் அவன் தமக்கை குந்தவைப் பிராட்டியாரும் கொடுத்த கொடைகளே இப்படி நிறுத்தும் அளந்தும் பதியப்பட்டன. கொடுப்பவர் மன்னர்தாமே, அவர் பொன்னுக்கு எடை எதற்கு என்று எவரும் விட்டுவிடவில்லை. மன்னனின் பொன்னும் ஆடவல்லான் கல்லுக்கு எதிரே தட்டில் ஏறியது. அளவுக்கு ஆண்டவன் பெயரை இட்டதன் பொருளை இங்கே காணலாம். கையில் எடுப்பவன் ஒவ்வொரு முறையும் அப்பெயரைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஆடவல்லானைச் சொல்லிக்கொண்டே குறைத்து அளக்க நா கூசும், கை கூசும்.

மரக்காலைத் தலைக்கு வைத்த பெருமாள்

சைவக் கோயிலில் இப்படியென்றால், வைணவத் திருத்தலங்களில் பெருமாள் அளவுகருவியையே தம்மோடு வைத்துக்கொண்டிருக்கிறார். சுவாமிமலைக்கு அணித்தே உள்ள திவ்ய தேசம் திருஆதனூர். அங்கே பள்ளிகொண்டிருப்பவர் ஆண்டளக்கும் ஐயன். திருமுடியின் கீழ் மரக்கால். திருக்கரத்தில் ஏடும் எழுத்தாணியும். ஆழ்வார்திருநகரிக்கு அருகில் உள்ள திருக்கோளூரிலும் வைத்தமாநிதிப் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்தே சயனித்திருக்கிறார்.

ஆதனூர்த் தல வரலாறு பெரியோர் சொல்லக் கேட்கத்தக்கது. திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் திருப்பணி செய்துகொண்டிருந்தபோது, வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கப் பொருள் இல்லாமல் அரங்கனை வேண்டினார். அப்போது தலைப்பாகை அணிந்த வணிகர் ஒருவர் மரக்காலும் ஏடும் எழுத்தாணியும் கொண்டு வந்தார். “இம்மரக்காலால் மணலை அளந்து தருவேன். உண்மையாக உழைத்தவருக்கு அது பொன்னாகும், உழைக்காதவருக்கு மணலாகவே இருக்கும்” என்றார். பெயரை ஏட்டில் எழுதிக்கொண்டு அளந்தார். சிலர் கையில் பொன் மின்னிற்று. பலர் கையில் மணலே கிடந்தது. மணல் பெற்றவர்கள் அவரை மாயக்காரர் என்று எண்ணிச் சினந்து துரத்தினார்கள். வணிகர் ஓட, ஆழ்வாரும் பின்தொடர, ஆதனூரில் அவர் பெருமாளாகக் காட்சி தந்தார்.

மரக்கால் ஒன்றே, மணலும் ஒன்றே. அளந்த கையிலும் வேறுபாடு இல்லை. பெற்றவர் செய்த உழைப்பே பொன்னாகவும் மணலாகவும் திரும்பி வந்தது. அளப்பவன் நேர்மையானவனாக இருந்தால் மட்டும் போதாது. அளந்து வாங்குபவனுக்கும் நேர்மை வேண்டும் என்று அப்பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்தபடியே உணர்த்துகிறார்.

கோயிலில் ஏறிய கருவி

ராஜராஜன் காலத்துக்குப் பின் எண்ணூறு ஆண்டுகள் கழிந்து, தஞ்சைப் பெரிய கோயில் மற்றொரு நில அளவையையும் கண்டது. வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும் பணிக்கு அதுவே முதற்படி. மலை உச்சிகளில் கருவியை நிறுத்தித் தொலைவிலுள்ள இடங்களை நோக்கிக் கோணம் அளப்பது அவர் முறை. காவிரிப் படுகையில் மலை ஏது? கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையுமே. அங்கே அவருக்கு மலையாக உதவியவை கோயில் கோபுரங்கள்.

1808-ஆம் ஆண்டில், 216 அடி உயர விமானம் கொண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. இங்கிலாந்திலிருந்து தருவித்த அரிய கருவி அது. லாம்டன் மனம் தளரவில்லை. ஆறு வாரங்கள் கூடாரத்துக்குள்ளேயே இருந்து, கைவினைஞர் சிலரின் துணையோடு அதைத் தாமே செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். உலகளந்த கோலால் அளந்த நாட்டின் கணக்கைச் சுவரில் தாங்கிநின்ற கோயில், புதிய அளவைக்கும் தோள் கொடுத்தது.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு பிரான்ஸ் நாட்டில் மீட்டர் பிறந்திருந்தது. ஊருக்கு ஊர் அளவு மாறியதால் எளிய மக்கள் ஏமாற்றப்பட்டது அங்கும் பெருங்குறையாக இருந்தது. ஆகவே எந்த மனிதனின் கையையும் காலையும் நம்பாமல், பூமியையே அளந்து அதிலிருந்து கோல் செய்வது என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். அதற்காக 1792 முதல் 1798 வரை பூமியின் ஒரு பகுதியை அளந்தார்கள். அவ்வகையில் மீட்டரும் ஓர் உலகளந்த கோல்தான்.

இன்னும் ஓர் ஒற்றுமை உண்டு. புதிய அளவை மக்கள் அறிந்துகொள்ள, 1796, 1797 ஆகிய ஆண்டுகளில் பாரிஸ் நகரின் பதினாறு இடங்களில் பளிங்கில் ஒரு மீட்டர் நீளத்தைக் குறித்துச் சுவரில் பதித்தார்கள். எவரும் தம் கோலை அதில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்த ஏற்பாடு அது. அந்தப் பதினாறில் பழைய இடத்திலேயே எஞ்சி நிற்கும் ஒன்றைப் பாரிஸ் நகரத்தார் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். பயணிகள் தேடிச் சென்று பார்க்கிறார்கள்.

சுண்ணாம்புக்கு அடியில்

இங்குள்ள கோடுகளின் நிலை வேறு. 1956-ஆம் ஆண்டில் அளவைச் சட்டம் வந்து, படியும் மரக்காலும் லிட்டருக்கும் கிலோவுக்கும் இடம் கொடுத்தன, கஜம் மீட்டராயிற்று. ஆழாக்கில் அரிசியும் உழக்கில் எண்ணெயும் வாங்கி வளர்ந்த தலைமுறைக்கு அம்மாற்றம் நினைவிருக்கும். பயனற்றுப்போன கோலை எவரும் தேடுவதில்லை. சுவரில் இருக்கும் கோடு எதற்கென்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் குறைந்துவிட்டார்கள்.

இதில் பகைவர் என்று எவரும் இல்லை. பக்தியாலேயே இந்த இழப்பு நேர்கிறது என்பதுதான் வருத்தம். கும்பாபிஷேகம் வருகிறதென்றால் சுவரெல்லாம் சுண்ணாம்பு ஏறும். அதைப் பின்னொரு காலத்தில் நீக்க வேண்டுமென்று மணலை வேகமாகப் பீய்ச்சினால், அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் கோட்டின் முனையும் சேர்ந்து கரையும். நடக்க வசதியாக இருக்கட்டும் என்று பிராகாரத்தில் பளிங்கும் கருங்கல்லும் பாவினால், தளம் உயர்ந்து அதிட்டானத்தின் அடிப்பகுதி மண்ணுக்குள் போகும். எழுத்துள்ள கல்வெட்டையாவது யாரேனும் கண்டு தடுப்பார்கள். எழுத்தில்லாத ஒரு கோட்டுக்காக யார் பேசுவார்கள்?

அதைப் பேசத் தகுதியுடையவர்கள் கோயிலை நெடுங்காலமாக வலம் வரும் முதியவர்களே. எந்தத் தூணின் பின்னே என்ன எழுத்து, எந்தக் கல்லில் என்ன குறி என்பது சிறுவயதிலிருந்து சுற்றிவந்த கண்களுக்கு மட்டுமே தெரியும். திருப்பணிக் குழுவில் பல ஊர்களில் அமர்ந்திருப்பவர்களும் அவர்களே. வேலை தொடங்கும் முன் சுவரையும் அதிட்டானத்தையும் ஒரு முறை சுற்றிப் பார்த்து, இரு முனையும் குறியிட்ட நீண்ட கோடு ஏதேனும் தென்பட்டால் புகைப்படம் எடுத்து, நீளத்தை அளந்து எழுதி, தொல்லியல் துறையினருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் தெரிவித்துவிட்டால் போதும். அதற்குச் செலவில்லை. அபிஷேகத்துக்குப் பால் கொடுப்பது போல, விளக்குக்கு எண்ணெய் கொடுப்பது போல, அதுவும் ஒரு கைங்கரியம்.

பேரனையோ பேத்தியையோ உடன் அழைத்துச் செல்வதும் நன்று. குழந்தையின் கையில் ஒரு நாடாவைக் கொடுத்து அக்கோட்டை அளக்கச் சொன்னால், கல்லுக்குப் பின்னே இருந்த மனிதர்கள் அதற்குத் தெரியத் தொடங்குவார்கள். அரசனின் ஆள் ஒருபுறமும் ஓர் உழவன் மறுபுறமும் நின்று, நடுவில் ஒரு மரக்கோலைப் பிடித்துக் கல்லில் வைத்துப் பார்த்த இடம் அது. இருவருக்கும் மேலே, கருவறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாயரட்சை முடிந்து மூதாட்டி வெளியே வருகிறார். வாசலில் பூக்காரப் பெண் கூடையை மூடிக்கொண்டிருக்கிறாள். முன்பு அளந்து கொடுத்தபோது அவள் தன் கை முழத்துக்குத்தான் அளந்தாள். ஒரு விரல்கூடக் கூட்டவில்லை. ஆனால் சரத்தை அறுக்கும்போது முழம் முடிந்த இடத்தில் அறுக்காமல், நான்கு பூ தள்ளி அறுத்துக் கொடுத்தாள். கடைத்தெருவில் அதற்குக் கொசுறு என்று பெயர். அளவு சரியாக இருக்கும் இடத்தில்தான் கொசுறுக்கு மதிப்பு. அந்த நான்கு பூவும் இப்போது அம்பாளின் திருவடியில் இருக்கின்றன.